தாயின் பெயரில் ஓர் இசைத்தட்டு

ஓர் இசைக்கலைஞரின் முதலாவது தட்டுக்குப் பின்னால் அவர் அதுவரை வாழ்ந்த வாழ்வு முழுவதும் நிற்கிறது. இரண்டாவதற்கு ஓரிரு வருடங்களே கிடைக்கின்றன. ஆதலால் இரண்டாவது தட்டே ஒருவரை அளக்கும் கோல் என்று கருதுகிறோம். எம்.ஐ.ஏ என்ற பெயரில் பாடும் மாயா அருள்பிரகாசம் 2007 ஆகஸ்டில் வெளியிட்ட 'கலா'வை இக்கோல் கொண்டு அளந்து பார்ப்பது அவசியம். எம்மவரிடையே அவரைக் கொண்டாடியவர்களும் உண்டு, தூற்றியவர்களும் உண்டு. இரு தரப்பிலும் தட்டை முழுதாகக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

2005 இல் வந்த முதலாவது தட்டின் பெயர் 'அருளர்'. அது ஈரோஸ் இயக்கத்தைத் தொடக்கியோரில் ஒருவரான தந்தையின் பெயர். இரண்டாவது தட்டுக்குத் தாயின் பெயர். 1986 இல் பிள்ளைகளோடு லண்டனுக்கு அகதியாக வந்து, தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியவர் அவர். எமது போராட்ட வரலாறுகளில் தந்தையருக்கு அத்தியாயங்கள் உண்டு. தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்தவருக்கு ஓர் அடிக்குறிப்புத்தானும் உண்டா? இப்பெயர்சூட்டலை நாம் ஓர் அரசியல் விமர்சனமாகவே வாசிக்கிறோம்.

இத்தட்டை அமெரிக்காவில், டிம்பலாண்ட் என்ற புகழ்பெற்ற தயாரிப்பாளரோடு செய்வதே முதல் எண்ணம். 2006 இல் விசா மறுக்கப்பட்டது. பின்னர் சென்னை, ட்ரினிடாட், ஜமைக்கா, லைபீரியா என்று அலைந்து, பெரும்பகுதியை ஸ்விட்ச் என்ற ஆங்கிலேயத் தயாரிப்பாளரோடு அவர் உருவாக்கினார். டிம்பலாண்டோடு செய்த ஒரேயொரு பாடல் தட்டின் இறுதியில் இருக்கிறது. அதுவே எல்லாவற்றிலும் சோர்வானது. விசா கிடைத்திருந்தால் தட்டு முழுவதுமே அப்படி அமைந்திருக்கக்கூடும். அதற்காக மூடிய கதவுக்கு நன்றி சொல்ல நாம் தயாரில்லை. வதிவிட அனுமதிக்காக வருடக்கணக்கில் காத்திருந்தபடி உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவும் எம்மைப் போன்றோருக்கு அக்கதவு இசை எதையும் தந்துவிடவில்லை. ஆனால் விசா அலைச்சலிலிருந்து பிறந்த 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலின் கேலி எமக்கு உடனே விளங்குகிறது. குடிவரவாளரைத் திருடராகப் பார்க்கும் கண்ணுக்கு, அந்தத் திருடர் வேடத்தையே போட்டுக் காட்டுகிறது அப்பாடல். 2008 இல் அது அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது.

தட்டின் உயிர் தோலிசையில் இருக்கிறது. 'பேர்ட் ஃபுளூ' பாடலில் உறுமி மேளம் இயந்திரத் தாளத்தின் மேல் ஏறி மிதிக்கிறது. முதற் பாடலில் 'தளபதி' படத்துக்காக இளையராஜா அமைத்த தாளம் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. சனிக்கிழமைகளில் மிருதங்க வகுப்புக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் எமது சமூகம் இவ்விடத்தில் தடுமாறுகிறது. ஊரில் பறையடித்தவரை மரணவீட்டுப் படலையிலேயே நிறுத்தி வைத்தது சாதி. அதன் உறவான ஓசை லண்டன் வழியாக, ஆங்கிலப் பத்திரிகைகளின் பாராட்டோடு வரும்போது மட்டும் 'எங்கட இசை' ஆகிவிடுமா? அடித்தவரை விலக்கி ஓசையை மட்டும் உரிமை கொண்டாடுவது பெருமையாகாது.

இக்கேள்வி எம்.ஐ.ஏக்கும் உரியது. பல நாட்டு ஏழைகளின் ஓசைகளைத் திரட்டி ஒரு தனிப்பெயரின் கீழ் விற்பது சுரண்டலாகாதா? தட்டு இதற்கு முழுமையான பதில் தரவில்லை. ஆனால் ஓரிடத்தில் வழி காட்டுகிறது. இங்கே நியூ சவுத் வேல்ஸின் தூர மேற்கில், டார்லிங் ஆற்றங்கரையில் உள்ள வில்கானியாவின் ஆதிக்குடிச் சிறுவர்கள் 2002 இல் தம் ஆற்றைப் பற்றிப் பாடிய பாடலை அவர் எடுத்தாள்கிறார். அதில் அவர்களது குரல் குரலாகவே நிற்கிறது, 'வில்கானியா மொப்' என்ற அவர்களது பெயரும் பாடலோடு சேர்ந்தே வருகிறது.

மேய்ஸ் ஹில்லைக் கடந்து செல்லும் கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினால், வேறு நெடுஞ்சாலைகள் மாறி, ஏறக்குறைய 950 கிலோமீற்றரில் வில்கானியா. நாம் குடியேறியிருக்கும் இம்மண்ணும் தாருக் மக்களிடமிருந்து பறிக்கப்பட்டதே. பறிகொடுத்த மண்ணைப் பற்றி மேடைதோறும் பேசும் நாம், இச்சிறுவர்களின் பாடலையும் எமது பேச்சுக்குள் கொண்டுவர வேண்டும். 'கலா'வை அந்தப் பாடலிலிருந்து கேட்கத் தொடங்கலாம்.