256 கட்டங்களும் ஒரு பூட்டும்

மைன்ஸ் பட்டறையின் வெள்ளை நிஸான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் 600 குதிரைத்திறனில்தான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அந்த எண் ஒரு பொருட்டே இல்லை. அதே காலத்தில் ஜப்பானில் ஆயிரத்தைத் தொட்ட ஸ்கைலைன்கள் இருந்தன. பெஸ்ட் மோட்டாரிங் வீடியோவில் பந்தய ஓட்டுநர் சுச்சியா கெய்ச்சி அந்த வண்டியை ஓட்டும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். கியரை இறக்கும்போது கால் ஆக்சிலரேட்டரை லேசாக ஒரு தட்டுத் தட்டுகிறது. ஆர்பிஎம் ஊசி எகிறுகிறது, எகிறிய வேகத்திலேயே விழுகிறது. இரண்டு டர்போ மாட்டிய இன்ஜின் இவ்வளவு சுருக்காகப் பதில் சொல்வதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அதன் ஆர்பி26 இன்ஜினுக்கு ஆறு சிலிண்டருக்கும் ஆறு தனி த்ராட்டில் உண்டு, அதனால்தான் அப்படி என்று சிலர் முடித்துவிடுவார்கள். ஆறு த்ராட்டில் எல்லா ஆர்34 ஜிடி-ஆருக்கும் உண்டு. எல்லா ஆர்34 ஜிடி-ஆரும் அப்படிக் கேட்பதில்லையே! யோகோசுகாவில் மைன்ஸை நிறுவிய நீகுரா மிச்சிசோவின் கைவேலை அது. வெளியே பெரிய ரெக்கை கிடையாது, கண்ணைப் பறிக்கும் பெயின்ட் கிடையாது. வண்டி கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே நிற்கும். வேலையெல்லாம் உள்ளே, விஎக்ஸ்-ரோம் என்று மைன்ஸ் பெயர் வைத்த இன்ஜின் கம்ப்யூட்டரில் நடந்திருக்கும்.

என் கட்சி இதுதான்: பெரிய டர்போ மாட்டிப் பெரிய எண் காட்டுவது காசு இருக்கிற எவருக்கும் வரும். மூவாயிரம் ஆர்பிஎம்முக்கும் ஐயாயிரத்துக்கும் நடுவில், பெடல் பாதி அழுந்தியிருக்கும்போது இன்ஜின் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் டியூனரின் கை தெரியும். டாப் சீக்ரெட் பட்டறையின் ரசிகர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதன் உரிமையாளர் ஸ்மோக்கி நகாதா 1998-ல் இங்கிலாந்து ஏ1 நெடுஞ்சாலையில் சுப்ராவை மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் விரட்டிப் போலீசில் மாட்டியதைச் சொல்லி வாயை அடைப்பார்கள். அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. ஆனால் முழு பெடலில் நேர்க்கோட்டில் பறக்கும் வண்டிக்கு, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மேப் என்ற எண் அட்டவணையின் ஒரு மூலை சரியாக இருந்தாலே போதும். வளைவுக்கு நடுவில் டயரின் பிடியை அளந்து அளந்து பெடலை விடுகிறவனுக்கு எல்லாக் கட்டமும் சரியாக இருக்க வேண்டும்.

கட்டம் என்று சும்மா சொல்லவில்லை. பழைய ஆர்32 ஜிடி-ஆரின் இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது 32 கிலோபைட் சிப். பெட்ரோலுக்குப் பதினாறுக்குப் பதினாறாக ஒரு அட்டவணை, இக்னிஷன் டைமிங்குக்கு இன்னொன்று. ஒரு பக்கம் ஆர்பிஎம், மறுபக்கம் இன்ஜின் சுமை. ஒவ்வொரு அட்டவணையிலும் 256 கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். இன்ஜின் தட்டுவதைக் கேட்கும் நாக் சென்சார் இரண்டில் ஒன்று முனகினாலும் பெட்டி அடக்கமான இன்னொரு மேப்புக்குத் தாவிவிடும். கம்பெனி எல்லாக் கட்டத்திலும் பயந்து பயந்துதான் எண் போட்டிருக்கும். கோடையில் மட்டமான பெட்ரோல் ஊற்றி மலையேறுகிறவனையும் அது நினைத்துப் பார்க்க வேண்டுமே. போதாக்குறைக்கு 2004 வரை 280 குதிரைத்திறனைத் தாண்டி விளம்பரம் செய்வதில்லை என்று ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. மணிக்கு 180 கிலோமீட்டரில் வேகத்துக்கு ஒரு மூக்கணாங்கயிறு வேறு.

டியூனரின் வேலை அந்தப் பயத்தைக் கட்டம் கட்டமாகக் குறைப்பது. சிப்பைக் கழற்றி, அந்த இடத்தில் சாக்கெட்டை ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். அதில் மாட்டும் சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதை இருபது நிமிடம் போலப் புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் பழைய எண்கள் அழிந்துபோகும். புதியதை எழுதி, வெளிச்சம் படாமல் ஜன்னலுக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி, மாட்டி, டைனோவில் ஏற்றி, காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு கட்டத்தில் டைமிங்கை ஒரு டிகிரி கூட்டினால் இன்ஜின் நன்றி சொல்லும். அடுத்த டிகிரிக்கு அதுவே பிஸ்டனை உடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவன்தான் நீகுரா.

கிரான் டூரிஸ்மோ 4 வீடியோ கேமில் மைன்ஸ் ஆர்34-ஐ ஓட்டித்தான் எங்கள் செட்டில் பலருக்கும் அந்தப் பெயரே தெரிய வந்தது. பிளேஸ்டேஷனில் கிடைத்தது நிழல்தான். ஆனாலும் மற்ற ஸ்கைலைன்களை விட்டு அதையே தேடிப் போனோம். மேலே இன்னும் குதிரைத்திறன் ஏற்றியவனை நாங்கள் ரசிகன் கணக்கில் சேர்த்ததில்லை.

2007 டிசம்பரில் ஆர்35 ஜிடி-ஆர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அதை உருவாக்கிய மிசுனோ கசுதோஷி, இந்த வண்டிக்கு டியூனிங் தேவையே இல்லை என்கிற தோரணையில் இருந்தார். கை வைத்தால் வாரண்டி போச்சு. 180 கயிறும் ஜிபிஎஸ்ஸைக் கேட்டுத்தான் அவிழும். வண்டி பந்தயத் தடத்துக்குள் நிற்கிறது என்று உறுதியானால் மட்டுமே விடும். அடுத்த ஆண்டே டியூனர்கள் அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். மிசுனோவின் கர்வமும் எனக்குப் பிடிக்கும், திறந்தவர்களின் பிடிவாதமும் பிடிக்கும். அது நேருக்கு நேர் நடந்த போட்டி.

இப்போது நடப்பதைப் போட்டி என்று சொல்ல மாட்டேன். புதிய தலைமுறை டொயோட்டா சுப்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் ஜப்பான், இன்ஜின் பிஎம்டபிள்யூவின் பி58, மூளை பாஷ் கம்பெனியுடையது. 2020 மாடல் அமெரிக்காவில் 335 குதிரைத்திறன், 2021 மாடல் 382. எண் ஏறியது, கதவு சாத்தப்பட்டது. 2020 ஜூன் வாக்கில் தொழிற்சாலையை விட்டு வந்த பி58 வண்டிகளிலிருந்து பூட்டு புதிது. பழைய கார் வாங்குகிறவர்கள் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதியை ஜாதகம் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். தேதி தாண்டியிருந்தால் பெட்டியைக் கழற்றிப் பின்லாந்துக்குப் பார்சல் அனுப்பித் திறந்து வாங்க வேண்டியிருந்தது.

சிப்பைக் கழற்றும் வழியெல்லாம் இங்கே பலிக்காது. உள்ளே இருக்கும் மென்பொருளுக்குக் கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் உண்டு. ஒரு பைட் மாறினாலும் கையொப்பம் பொருந்தாது, பெட்டி புது ஃபைலை ஏற்காது. சாவியைக் காப்பதற்கென்றே பிராசஸருக்குள் தனி அறை ஒதுக்கியிருக்கிறார்கள். சரி, பெட்டியையே தூக்கி எறிந்துவிட்டு மோடெக் மாதிரி வேறு கம்ப்யூட்டரை மாட்டலாமே என்றால் கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஸ்டீயரிங், டாஷ்போர்டு எல்லாம் பழைய பெட்டியோடு பேசியே பழகியவை. ஒன்று பதில் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் முறைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கைப் போடும்.

பிக்கிபேக் பெட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. டர்போ அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாருக்கும் மூளைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இருப்பதைவிடக் குறைவான பூஸ்ட் என்று பொய் சொல்லி வேலை வாங்குகிற சாமர்த்தியம் அது. வண்டி ஓடும், எண்ணும் ஏறும். தன் உண்மையான பூஸ்ட் தெரியாமல் ஓடுகிற இன்ஜினை ரசிக்க என்னால் முடியவில்லை.

அதற்காக, கார்புரேட்டரோடு எல்லாம் முடிந்தது என்று பெருமூச்சு விடுகிறவர்களோடும் நான் சேரமாட்டேன். இன்றைய மேப்பிங் பழையதைவிடப் பெரிய கலை. பெடலை அழுத்தினால் த்ராட்டில் நேராகத் திறப்பதில்லை. இவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்ற விண்ணப்பம் போகிறது, அதைக் காற்றாகவும் பூஸ்டாகவும் டைமிங்காகவும் பெட்டி பிரித்துக் கொடுக்கிறது. இன்னொரு கண்காணிப்பு நிரல் பின்னாலேயே கணக்குப் பார்த்து, கேட்டதற்கு மேல் முறுக்கு வந்தால் த்ராட்டிலை மூடிவிடும். ஒரு கட்டத்தை மாற்றினால் பத்து அட்டவணைகளைச் சமாதானப்படுத்த வேண்டும். நீகுரா மாதிரி ஒருவர் இதில் இறங்கி விளையாட எவ்வளவு இடம் இருக்கிறது! அந்த இடத்தைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

பூட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2015-ல் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ஓடுகிற ஜீப் செரோக்கியை எங்கோ உட்கார்ந்து கட்டுப்படுத்திக் காட்டினார்கள், 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஐ.நா.வின் சைபர் பாதுகாப்பு விதி கட்டாயம். அதற்குத் தோதுப்படாமல் போர்ஷே தன் பெட்ரோல் 718-ஐ அங்கே நிறுத்திவிட்டது. புகை விஷயத்திலும் நியாயம் உண்டு. அமெரிக்காவில், புகைக் கட்டுப்பாட்டை முடக்கும் பொருட்களை விற்ற வழக்கில் கோப் டியூனிங் கம்பெனி 2024-ல் சுமார் 29 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கொண்டது. வினையூக்கியைக் கழற்றி எறிந்துவிட்டு ஊரெல்லாம் நாறடித்தவர்களால் வந்த வினை இது என்று கம்பெனிகளைவிட டியூனர்கள்தான் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

டியூனர்கள் தரப்பும் கெட்டுத்தான் போயிருக்கிறது. நம்மூரில் போலோ டிஎஸ்ஐ வைத்திருக்கிற பையனைக் கேளுங்கள். ஸ்டேஜ் 1 போட்டாச்சு என்பான். யார் மேப் செய்தார்கள் என்று கேட்டால் முழிப்பான். எங்கிருந்தோ ஈமெயிலில் வந்த ஃபைல் அது. இந்த வண்டியின் பெட்ரோலும் வெயிலும் எப்படி என்று பார்க்காமல் ஏற்றியது. பெடலை விட்டால் சைலன்சரில் பட்டாசு வெடிக்கிறது, அதுதான் டியூனிங் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். போதாததற்கு, தான் எழுதிய ஃபைலை இன்னொருவன் பார்த்துவிடக் கூடாது என்று டியூனரும் ஒரு பூட்டுப் போடுகிறார். கம்பெனியைத் திட்ட அவருக்கு என்ன யோக்கியதை?

அமெரிக்காவின் 25 ஆண்டு இறக்குமதி விதிப்படி, 1999 ஜனவரியில் வந்த ஆர்34 ஜிடி-ஆர் இப்போது அங்கே சட்டப்படி இறங்குகிறது. பழைய ஆர்32-க்கு நிஸ்மோ 2017 முதல் பாகங்களைத் திரும்பவும் தயாரித்துக் கொடுக்கிறது. அந்த 32 கிலோபைட்டை எவரும் படிக்கலாம் என்பதால்தான் மூளையும் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2021 சுப்ராவுக்கு அந்த வயது 2046-ல் வரும். அன்றைக்குப் பிஸ்டன் கிடைக்கலாம், டர்போ கிடைக்கலாம். பெட்டி செத்துப்போனால் அதற்குக் கையொப்பம் போட்டுத் தர யார் இருப்பார்கள்? உற்பத்தி நின்று பத்து வருடமான வண்டிக்கு இன்ஜின் பெட்டியின் சாவியைக் கம்பெனி வெளியிட வேண்டும் என்று சட்டம் வரட்டும். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பூட்டியே கிடக்கட்டும். வருடாந்தரப் புகைச் சோதனையை இரண்டு மடங்கு கடுமையாக்கி, தேறாத வண்டியை ரோட்டில் விடாமல் தடுக்கட்டும். அந்தச் சோதனையில் தேறிக்கொண்டே ஊசியை அப்படி எகிற வைக்கத் தெரிந்தவனுக்குத்தான் இனி நான் கைதட்டுவேன்.