மூட்டைக்கும் ஒரு டிக்கெட்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை திருவண்ணாமலை ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறீர்களா? 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்த கால்கள் பிளாட்பாரம் பூராவும் நீட்டிக் கிடக்கும். தாண்டித் தாண்டித்தான் போக வேண்டும். அப்படித் தாண்டும்போது ஓர் அம்மாளின் சாக்கு மூட்டையில் இடறினேன். உள்ளே மல்லாட்டை. (சென்னைவாசிகளுக்கு: வேர்க்கடலை.) இரண்டு மூட்டையும் சேர்த்து அறுபது கிலோ தேறும். விற்பதற்கு இல்லை, காட்பாடியில் இருக்கும் மகள் வீட்டுக்கு. ஏற்றிவிட மகன் வந்திருந்தான்.

“இவ்வளவு கனத்தை ஏம்மா கூடவே தூக்கிக்கிட்டு? லக்கேஜ் வேன்ல புக் பண்ணலாமே” என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

“போட்டா அது என்கூடவே வருமா சாமி?”

என்னிடம் பதில் இல்லை. ரயில் வந்தது. மூட்டைகள் முதலில் ஏறின, அந்தம்மா அப்புறம். வாசலை அடைத்துக்கொண்டு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஏறியவர்கள் அத்தனை பேரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

‘லக்கேஜ் புக்கிங்கெல்லாம் இன்னும் இருக்கா?’ என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. இரண்டாம் வகுப்பில் தலைக்கு 35 கிலோ இலவசம், ஸ்லீப்பரில் 40, ஏ.சி. முதல் வகுப்பில் 70. அதற்கு மேல் கொண்டுபோனால் ஒன்றரை மடங்கு கட்டணம் கட்டி புக் செய்ய வேண்டும். செய்யாமல் மாட்டினால் ஆறு மடங்கு. 2025 ஆகஸ்டில், ஏர்போர்ட் மாதிரி ரயில்வே ஸ்டேஷனிலும் பெட்டியை எடை போடப் போகிறார்கள் என்று செய்தி பரவி, நாடே பதறியது. புதுசாக ஒன்றும் இல்லை, எல்லாம் பல காலமாக இருக்கிற விதிதான் என்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் விளக்கம் சொன்னார். இருந்த விதியே புதுச் செய்தியாகப் பரவியது என்றால், அதை எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் பாருங்கள்.

யாருக்கும் தெரியாத ஒன்றை எதற்குக் கட்டி அழ வேண்டும், நிறுத்திவிடலாமே என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. சின்ன ஸ்டேஷனில் ரயில் நிற்பதே சில நிமிடம். அதற்குள் மூட்டையை ஏற்றி இறக்குவது பெரும்பாடு. பார்சல் அனுப்ப கூரியர் இருக்கிறது. வந்தே பாரத்தில் லக்கேஜ் வேனே கிடையாது. மற்ற எக்ஸ்பிரஸ்களில் கார்டு பெட்டியோடு ஒட்டியிருக்கும் லக்கேஜ் இடத்தையும் டெண்டர் விட்டு தனியாருக்குக் குத்தகைக்குக் கொடுக்கிறார்கள்.

ஆனால், 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவைக் கொஞ்சம் பாருங்கள். ஊழியர் புக் செய்து ரசீது கொடுத்த லக்கேஜுக்குத்தான் ரயில்வே பொறுப்பு. நீங்கள் கையோடு கொண்டுபோகும் பெட்டி தொலைந்தால், ரயில்வேயின் கவனக்குறைவு என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். இடுப்பு பெல்ட்டில் வைத்திருந்த ஒரு லட்சம் ரூபாயை ரயிலில் பறிகொடுத்த ஒருவரின் வழக்கில், தன் உடைமையைத் தானே காப்பாற்றிக்கொள்ளாத பயணிக்கு ரயில்வே நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆக, ரசீது இருக்கிற மூட்டைக்குத்தான் கேள்வி கேட்க நாதி உண்டு. அதற்கும் மதிப்பை முன்கூட்டியே சொல்லி தனிக் கட்டணம் கட்டாவிட்டால், கிலோவுக்கு 100 ரூபாய்தான் உச்சவரம்பு. குறைந்த உரிமைதான். ஆனால், சாமானியனுக்கு இருக்கிற ஒரே உரிமை. சேவையை நிறுத்தினால் அதுவும் போச்சு.

2024 மே மாதம் சென்னை பீச்சிலிருந்து வேலூர் வரை வந்துகொண்டிருந்த மின்சார ரயிலை திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். அப்போது கட்டணம் 50 ரூபாய். அவ்வளவு மலிவான டிக்கெட்டில் வருகிறவரை, மூட்டையை கூரியரில் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அமெரிக்காவின் ஆம்ட்ராக் நெடுந்தூர ரயில்களில் இரண்டு பெட்டிகளை இலவசமாகவே செக்-இன் செய்துகொள்கிறார்கள். ஜப்பானில் 1976-ல் யமாட்டோ கம்பெனி ஆரம்பித்த வீட்டு டெலிவரியில் பெட்டியை ஓட்டலுக்கு அனுப்பிவிட்டு, ஜனங்கள் கையை வீசிக்கொண்டு ரயில் ஏறுகிறார்கள். நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். இப்போது அரை மணி முன்னதாகவே பார்சல் ஆபீசைத் தேடிப் போய், எடை போட்டு, ரசீது வாங்கி, இறங்குகிற ஊரில் மறுபடி பார்சல் ஆபீசுக்கு நடக்க வேண்டும். பயணிக்கு டிக்கெட் கொடுக்கிற கவுண்டரிலேயே மூட்டைக்கும் டிக்கெட் கொடுக்கட்டும். ‘நீ போகிற ரயிலில்தான் இது வரும்’ என்று அதில் தமிழில் அச்சடிக்கட்டும். அந்த ஒரு வரியை நம்ப முடிந்தால், வாசலில் மூட்டை மேல் உட்கார வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

வருஷா வருஷம் கார்த்திகை தீபத்துக்கு 2,668 அடி மலை உச்சிக்குக் கொப்பரையையும் நெய்யையும் தோளில் சுமந்து, நேரம் தவறாமல் கொண்டுசேர்க்கிற ஊர் அது. அங்கே ஒரு மல்லாட்டை மூட்டையை ரயிலில் ஏற்றி, அதே ரயிலிலிருந்து காட்பாடியில் இறக்கிக் கொடுக்க முடியாதா என்ன?