தோப்புக்கு இன்சூரன்ஸ்: நாலு பாலிசியும் ஒரு ஓட்டையும்

"சார், மரம் விழுந்தா கிளெய்ம் இருக்கு. மரத்துல இருந்து ஆள் விழுந்தா இதுல வராதுங்க."

போன ஐப்பசியில் ஏஜென்ட் போனில் சொன்னது இது. அவர் மேல் தப்பு இல்லை. நான்தான் பாலிசியைச் சரியாகப் படிக்காமல் வாங்கியிருந்தேன்.

உடுமலைப்பேட்டை பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. இரண்டு ஏக்கரில் 140 தென்னை, ஒரு ஏக்கரில் மக்காச்சோளம், இரண்டு மாடு. வாரம் முழுக்கக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு சனிக்கிழமை ஓடிப்போகிற ஆள் நான். என்னை விவசாயி என்று சொன்னால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் பாலிசி வாங்குவதில் ஊரிலேயே முதல் ஆள் நான்தான். தென்னைக்கு ஒன்று, சோளத்துக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, போர் மோட்டாருக்கு ஒன்று என்று நாலு வைத்திருந்தேன். நிஜமாகப் பணம் தேவைப்பட்ட அன்று நாலும் கை கொடுக்கவில்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அந்தக் குறிப்புதான் இது.

முதலில் தென்னை. தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீட்டுத் திட்டத்தில், நான் சேர்ந்தபோது இருந்த விதிப்படி, 16 முதல் 60 வயது வரையுள்ள மரத்துக்குக் காப்புத் தொகை 1750 ரூபாய், பிரீமியம் வருஷத்துக்கு 14 ரூபாய். அதில் பாதியை வாரியமும் கால்வாசியை மாநில அரசும் கட்டுகின்றன. என் பங்கு மரத்துக்கு மூன்றரை ரூபாய். 140 மரத்துக்கும் சேர்த்து 490 ரூபாய். ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடுகிற காசுகூட இல்லை. இதை வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த 1750 எதற்குச் சமம்? என் தோப்பில் மரத்துக்கு வருஷம் 100 காய், காய்க்கு 15 ரூபாய் என்று குறைவாகப் போட்டாலும் 1500 ரூபாய் வருகிறது. புதுக் கன்று வைத்தால் ஒழுங்காகக் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதாவது ஆறேழு வருஷ இழப்புக்கு ஒரு வருஷத்துக் காசு. இது முதல் குறை.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. புயலோ, வெள்ளமோ, இடியோ, பரவலான நோயோ, எதுவானாலும் மரம் செத்தால் அல்லது இனி உதவாது என்று ஆனால்தான் பணம். எங்கள் பக்கத்துப் பிரச்சினை வேறு மாதிரி. வேர் வாடல் நோய் மரத்தைச் சட்டென்று கொல்லாது. மட்டை தொங்கும், காய் சிறுக்கும், மரம் வருஷக்கணக்கில் அரை உயிரோடு நிற்கும். 2016இல் பொள்ளாச்சி வட்டாரத்தில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயும் அப்படித்தான், விளைச்சலைத் தின்றுவிட்டு மரத்தை விட்டுவைக்கும். பாலிசி சாவை அளக்கிறது, நமக்கு வருவதோ தேய்மானம்.

"புயல் வந்தா கவர்மெண்ட் குடுக்கும், இன்சூரன்ஸ் எதுக்குங்க?" என்று கேட்பவர்களும் உண்டு. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் டெல்டாவில் தோப்பு தோப்பாகச் சாய்த்தபோது, அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. ஆக 1100. விழுந்த மரத்தை அறுத்து இழுத்துப் போடவே கணிசமான செலவு ஆகும் என்பது பட்டுக்கோட்டைக்காரர்களைக் கேட்டால் தெரியும். நிவாரணம் கருணை, காப்பீடு ஒப்பந்தம். இரண்டையும் ஒன்றாக நினைத்துத் திட்டம் போடக் கூடாது.

அடுத்தது சோளம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்தது. விவசாயியின் பங்கு காரிஃப் உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு 1.5, தோட்டக்கலை மற்றும் பணப்பயிருக்கு 5. இதில் பெரும்பாலும் உங்கள் வயலை யாரும் அளக்க மாட்டார்கள், உங்கள் பகுதியின் சராசரியைத்தான் அளப்பார்கள். கடந்த ஏழு வருஷத்தில் சிறந்த ஐந்தின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை வரம்பாக வைப்பார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சராசரி ஏக்கருக்கு 2000 கிலோ, 80 சதவீதம் என்றால் வரம்பு 1600. அந்த வருஷம் பயிர் அறுவடைச் சோதனையில் பகுதி விளைச்சல் 1200 என்று வந்தால், குறைவு 400. அதாவது வரம்பில் கால்வாசி. எல்லோருக்கும் காப்புத் தொகையில் 25 சதவீதம், நன்றாக விளைந்தவருக்கும் சேர்த்து. பகுதி விளைச்சல் 1700 என்று வந்தால் எல்லோருக்கும் பூஜ்யம், உங்கள் வயலில் ஒன்றுமே இல்லாவிட்டாலும்.

எனக்கு நடந்தது அந்த இரண்டாவது வகை. சோளம் பூ எடுக்கிற நேரத்தில் போர் மோட்டார் புகைந்தது. கழற்றி, ரீவைண்டிங் பண்ணி, திரும்ப இறக்க பன்னிரண்டு நாள். மோட்டார் பாலிசி காயில் கட்டின செலவைக் கொடுத்தது. பன்னிரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் போன சோளத்துக்கு? அது 'தொடர் இழப்பு', மோட்டார் பாலிசியில் வராது. பயிர்ப் பாலிசியைப் பார்த்தால், ஊரில் மற்றவர்களின் மோட்டார் நன்றாகத்தான் ஓடியது, சராசரி விழவில்லை. இரண்டு பாலிசியும் தங்கள் விதிப்படி சரியாக நடந்தன, நஷ்டம் நடுவில் விழுந்தது. எங்கள் தொழிலில் இது தினமும் நடக்கும். தனித்தனி மாட்யூல் எல்லாம் டெஸ்டில் பாஸ் ஆகும், சேர்த்து ஓட்டினால் உடையும்.

மாட்டைப் பற்றி ஒரே வரி: காதில் தோடு இல்லை என்றால் கிளெய்ம் இல்லை. வேலியில் மாட்டி அந்தப் பிளாஸ்டிக் வில்லை அறுந்தால் அன்றைக்கே சொல்லி மறு வில்லை போட வேண்டும். தடுப்பூசிச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள், கோமாரி மாதிரி நோயில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இப்போது அந்த ஐப்பசி நாளுக்கு வருகிறேன். முந்தின இரவு மழை. தேங்காய் வியாபாரி அவசரப்படுத்தினார், நானும் சரி என்றேன். மரம் ஏறுகிறவருக்கு ஐம்பது வயசு இருக்கும், இருபது வருஷமாக எங்கள் தோப்பில் ஏறுகிறவர். பதினைந்து அடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. காப்பீட்டு அட்டை ஒரு பகுதியைத் தாங்கியது போக, என் கையிலிருந்து 1,60,000 ரூபாய். அவர் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில், "நீங்களும் விட்டுட்டா நாங்க எங்கீங்க போறது?" என்று கேட்டபோது என் பையில் நாலு பாலிசி நகல் இருந்தது. மரத்துக்கு இருந்தது, மாட்டுக்கு இருந்தது, இரும்பு மோட்டாருக்கு இருந்தது.

இதை டெக்சாஸில் பத்து ஏக்கரில் ஆடு வளர்க்கும் கல்லூரி நண்பனிடம் சொன்னேன். அவனுடைய பாலிசியை அனுப்பினான். அங்கே பண்ணைப் பாலிசி என்றால் வீடு, கொட்டகை, இயந்திரம், கால்நடை எல்லாம் ஒரே கட்டாக வருவது வழக்கம். அதில் 'பொறுப்புக் காப்பு' என்று ஒரு பெரிய பகுதி. உன் இடத்தில் அடுத்தவருக்கு அடிபட்டால், உன் மாடு ரோட்டில் ஏறி யாராவது மோதினால் என்ன என்பதற்கான பகுதி அது. அங்கேயும் ஓட்டைகள் உண்டு. வெறும் வீட்டுப் பாலிசியை வைத்துக்கொண்டு பால், முட்டை விற்றால் அது வியாபாரம் என்று கைவிரிக்கலாம். ஆனாலும் கேள்வி அங்கே காகிதத்திலேயே இருக்கிறது. இங்கே அதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் விமர்சனம் இதுதான். நம் ஊரில் பண்ணைக் காப்பீடு திட்டத்திலிருந்து தொடங்குகிறது, எதற்கு மானியம் உண்டோ அதை வாங்குகிறோம். நஷ்டத்திலிருந்து தொடங்க வேண்டும். எது நடந்தால் என்னால் தாங்க முடியாது என்று எழுதிவிட்டு, அதற்கு எதிரே பாலிசியின் பெயரை எழுதுங்கள். எதிரே காலியாக இருக்கும் வரிதான் நீங்கள் வாங்க வேண்டியது.

நான் அப்படி எழுதியபோது முதல் வரி மனிதர்கள். மரம் ஏறுகிறவர்களுக்கு வாரியத்தின் கேரா சுரக்‌ஷா விபத்துக் காப்பீடு இருக்கிறது, பிரீமியத்தில் பெரும்பங்கை வாரியமே தருகிறது. இப்போது ஏற வருகிற இரண்டு பேருக்கும் மீதியை நான் கட்டுகிறேன். தோப்பில் வேலை செய்கிறவர்களுக்காகத் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியும் எடுத்திருக்கிறேன். எந்தெந்த வேலை அதில் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்கினேன், போனில் சொன்னதை நம்பவில்லை. தென்னைக்கு அந்த 490 தொடர்கிறது. மோட்டார் பாலிசியை விட்டுவிட்டு, அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து இன்னொரு பழைய மோட்டார் வாங்கி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு நாளை இரண்டு நாளாக்க அதுதான் வழி.

விழுந்தவர் இப்போது ஏறுவதில்லை. சனிக்கிழமை நான் போகும்போது கீழே உட்கார்ந்து காய் எண்ணுகிறார். மழை பெய்த மறுநாள் என்றால், நான் கேட்கும் முன்பே அவரே சொல்லிவிடுகிறார்: "இன்னிக்கு வேண்டாமுங்க."