தானியங்கிக் கதவு: ஏற்காட்டு வாத்துகளுக்குப் பொருந்துமா?

கோழிக்கூண்டுக்கென விற்கும் தானியங்கிக் கதவுகள் இப்போது இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. விடிந்ததும் தானே திறக்கும், இருட்டியதும் தானே மூடும் என்பது இவற்றின் உறுதிமொழி. வீட்டோடு நாலைந்து வாத்து வளர்ப்பவர்களும் இதை வாங்குகிறார்கள். சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில், ஆறு காக்கி கேம்பல் வாத்துகள் அடையும் கூண்டில் இதைப் பொருத்தி, மழைக்காலம் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்தேன். கருவி நல்ல கருவிதான். ஆனால் வாத்துக்கு முதலில் வேண்டியது இதுவல்ல.

கருவி எப்படி?

மேலும் கீழும் நகரும் அலுமினியப் பலகை, சிறு மோட்டார், வெளிச்சத்தை அறியும் சென்சார், டைமர். இவ்வளவுதான். நான்கு ஏஏ பேட்டரியில் ஓடுகிறது. திருகுகளைக் கொண்டு யாரும் மாட்டிவிடலாம். பலகை இறங்கும் வழியில் ஒரு கேரட்டை நீட்டினேன். பட்டதும் மோட்டார் நின்று, பலகை மேலேறிவிட்டது. கேரட்டில் கீறல்கூட இல்லை. காற்று மழையில் கிளை முறிந்து கம்பியில் விழுந்து கரண்ட் போகும் ஊரில், பேட்டரியில் ஓடுவது பெரிய வசதி. சோலார் மாடலை இங்கே வாங்க வேண்டாம். சில்வர் ஓக் நிழலும் மூடுபனியும் அதற்கு வெயில் விடாது.

மூடுபனியில் தடுமாறும் சென்சார்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் பிற்பகலிலேயே பனி இறங்கிவிடும். சென்சார் அதை அந்தி என்று எண்ணிக் கதவை மூடிவிடுகிறது. வாத்துகள் வெளியே நிற்கின்றன. உணர்திறனைக் குறைத்தாலோ, நன்றாக இருட்டிய பிறகுதான் மூடுகிறது. காட்டுப்பூனையும் மரநாயும் நடமாடத் தொடங்கும் வேளை அது. ஆகவே இங்கே சென்சாரை அணைத்துவிட்டு டைமரை மட்டுமே நம்ப வேண்டும்.

கோழி வேறு, வாத்து வேறு

பொழுது சாய்ந்தால் கோழி தானே கூண்டு ஏறும். வாத்து அப்படியல்ல. மங்கிய வெளிச்சத்திலும் அதற்குக் கண் தெரியும். மழை விட்ட அந்தியில் நத்தையும் மண்புழுவும் தேடிக்கொண்டே இருக்கும். ஒருவர் போய் ஓட்டி அடைத்தால்தான் உண்டு. அந்த ஆளை இந்தக் கருவி மிச்சப்படுத்தாது.

காலையிலும் சிக்கல் இருக்கிறது. வாத்துகள் பெரும்பாலும் காலை 9 மணிக்குள் முட்டையிட்டுவிடும். விடியலில் கதவு திறந்தால் முட்டைகள் காப்பிச் செடிகளுக்கு அடியில் போய்விடும். சமவெளியில் வயல் வயலாக வாத்து மேய்ப்பவர்கள், இரவில் வலைப் பட்டியில் அடைத்து, காலையில் முட்டை பொறுக்கிய பிறகே திறந்துவிடுகிறார்கள். டைமரை 9 மணிக்கு வைத்தபின் முட்டைகள் வைக்கோலிலேயே கிடைத்தன. இந்த ஒரு வேலையில் கருவி முழு மதிப்பெண் பெறுகிறது.

கதவின் அகலம் அடுத்த குறை. சுமார் 25 செ.மீ. வழி, ஒவ்வொன்றாக நுழையும் கோழிக்குப் போதும். வாத்துகள் கூட்டமாக முண்டும். காலிலும் இறக்கையிலும் அடிபடும்.

பணம் போக வேண்டிய இடம்

இரவுக் கூண்டில் ஒரு வாத்துக்கு 3 சதுர அடி, வெளியே 10 முதல் 15 சதுர அடி வேண்டும். ஆறு வாத்துக்கு 18 சதுர அடி கணக்கு வந்தாலும், மலையில் மழையன்று உள்ளேயே இருக்க நேரும் என்பதால் கூண்டை ஆறடிக்கு நாலடியாக வைப்பது நல்லது. முட்டையிட, மூன்று வாத்துக்கு ஒன்றாக ஓரடி அகலப் பெட்டி போதும். வாத்து ஏணி ஏறாது. தரை ஓரடி உயரம் இருந்தால், குறுக்குச் சட்டம் அடித்த சாய்வுப் பலகை வையுங்கள்.

குளிரை வாத்து தாங்கும், ஈரத்தைத்தான் தாங்காது. காற்றுத் திறப்பு அதன் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி இருக்கட்டும். தரையில் மரச்சீவலோ நெல் உமியோ பரப்புங்கள். காலையில் குனிந்து, வாத்தின் தலை உயரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அம்மோனியா சேர்ந்துவிட்டது. பரப்பியதை உடனே மாற்றுங்கள். பூஞ்சை பிடித்த தீவனமும் ஆபத்து: அஃப்லாடாக்ஸின் நஞ்சை வாத்துக்குஞ்சுகள் கொஞ்சமும் தாங்கா. தீவனத்தை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். தண்ணீர்த் தொட்டி கூண்டுக்கு வெளியே, தலை முங்கும் ஆழத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் தீவனம் வைக்காதீர்கள்.

அறுகோணக் கோழிவலை காட்டுப்பூனையைத் தடுக்காது. அரை அங்குல வெல்டு மெஷ் அடித்து, அடிப்பகுதியை ஓரடி மண்ணுக்குள் புதையுங்கள். கீரி தோண்டினாலும் உள்ளே வராது.

தீர்ப்பு

நிறை: எளிய அமைப்பு, பேட்டரி, பாதுகாப்பான மோட்டார், நம்பகமான டைமர். குறை: பனியில் ஏமாறும் சென்சார், குறுகிய வழி. கோழிக்கு 5-க்கு 4. ஏற்காட்டு வாத்துக்கு 5-க்கு 2.

கூரை, வெல்டு மெஷ், காய்ந்த தரை மூன்றையும் முடித்த பிறகு பணம் மிஞ்சினால் இதை வாங்குங்கள், காலையில் திறக்க மட்டும். மாலையில் நீங்களே ஓட்டி, தலைகளை எண்ணி, உங்கள் கையாலேயே தாழ்ப்பாள் போடுங்கள்.