கூடைக் காசு யாருக்கு?

அமெரிக்காவில் ஹவுஸ் கான்சர்ட் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். ஒரு வீட்டின் ஹாலில் சோபாக்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு மடக்கு நாற்காலிகள் போட்டிருப்பார்கள். முப்பது, நாற்பது பேர் வருவார்கள், ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவருவார்கள். முதலில் சாப்பாடு. பிறகு கிட்டாரோடு ஒருவர் புத்தக அலமாரிக்கு முன்னால் நின்று நடுவில் ஓர் இடைவேளை விட்டுப் பாடுவார். மைக் இருக்காது, மேடை இருக்காது. இடைவேளையில் வீட்டுக்காரர் எழுந்து, கதவருகே கூடை வைத்திருப்பதையும் ஆளுக்கு இருபது டாலர் போட்டால் நல்லது என்பதையும் அது முழுக்கப் பாடகருக்கே போகும் என்பதையும் நினைவூட்டுவார். கச்சேரி முடிந்ததும் பாடகர் அதே வீட்டின் விருந்தினர் அறையில் தூங்கி, காலையில் அடுத்த ஊருக்குக் காரைக் கிளப்புவார்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பாடகருக்கும் கேட்பவருக்கும் இடையே உண்டாகும் நெருக்கத்தைச் சொல்லி உருகுவது வழக்கம். அந்த உருக்கத்தில் பொய்யில்லை. என்றாலும் எனக்கு அந்தக் கூடைதான் முக்கியமாகப் படுகிறது. கடந்த நூறு ஆண்டுகளில் அமெரிக்க வீடுகளில் நடந்த கச்சேரிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், கூடையில் விழுந்த காசு போய்ச் சேர்ந்த இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கச்சேரியின் குணமும் கூடவே மாறியிருக்கிறது.

1920களின் ஹார்லெமிலிருந்து தொடங்கலாம். தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டு நியூயார்க் வந்துசேர்ந்த கறுப்பின மக்களுக்குக் கூலி குறைவு, வாடகையோ மற்ற பகுதிகளைவிட அதிகம். வாடகை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கினால் குடியிருப்பவர் ஒரு சீட்டு அச்சடித்துத் தெருவில் விநியோகிப்பார்: இன்ன கிழமை, இன்ன வீட்டில் விருந்து. கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸ் இந்தச் சீட்டுகளை ஆசையாகச் சேர்த்துவைத்தார். உள்ளே போகச் சில்லறைக் காசு. பொரித்த மீனும், மதுவிலக்குக் காலமாதலால் திருட்டுச் சாராயமும் தனிக் கணக்கு. பியானோவில் ஜேம்ஸ் பி. ஜான்சனோ ஃபாட்ஸ் வாலரோ வில்லி 'த லயன்' ஸ்மித்தோ உட்கார்ந்திருக்கலாம். இடது கை தாவித் தாவித் தாளத்தைத் தாங்க, வலது கை ஓடி விளையாடும் 'ஸ்ட்ரைட்' பாணி இந்த ரெண்ட் பார்ட்டிகளில்தான் கூர்தீட்டப்பட்டது. அங்கே யாரும் கைகட்டி உட்கார்ந்து கேட்கவில்லை. தரை அதிர ஆடினார்கள். வசூலான காசு வீட்டுச் சொந்தக்காரனுக்குப் போனது. இசைக்கலைஞரும் குடியிருப்பவரும் சேர்ந்து அவனுக்காகத்தான் இரவெல்லாம் வியர்த்தார்கள்.

1941இல் கிரீன்விச் வில்லேஜில் பீட் சீகர், வுடி கத்ரி, லீ ஹேய்ஸ் முதலியோர் அல்மனாக் சிங்கர்ஸ் என்ற பெயரில் கூட்டாகக் குடியிருந்த வீட்டிலும் வாடகைக்குக் காசில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் வீட்டைத் திறந்துவிட்டு, வருகிறவர்களிடம் சிறு தொகை வாங்கிக்கொண்டு பாடினார்கள். இப்படிக் கூடிப் பாடுவதற்கு 'ஹூட்டனானி' என்ற பெயர் நியூயார்க்கில் பரவியது இவர்களால்தான். லூசியானாவின் அங்கோலா சிறையிலிருந்து 1934இல் வெளியே வந்த பாடகர் லெட்பெல்லியும் இந்த வட்டத்தில் ஒருவர். அதே நகரின் கிழக்குப் பத்தாம் தெருவில் அவர் குடியிருந்த சிறிய வீடும் பாடகர்கள் வந்துபோகும் இடமாக இருந்தது. ஹார்லெமுக்கும் அல்மனாக் வீட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே கூடியவர்களில் பலர் இடதுசாரிச் சிந்தனை கொண்ட வெள்ளை இளைஞர்கள். அவர்கள் ஆட வரவில்லை, கேட்க வந்தார்கள். கறுப்பினத்தாரும் மலைநாட்டு ஏழைகளும் தங்களுக்குள் பாடிக்கொண்டவை, வேறொருவர் உட்கார்ந்து கேட்கும் பாட்டுகளாக மாறத் தொடங்கிய இடங்களில் இந்த வீடும் ஒன்று.

எலிசபெத் காட்டனின் கதை இந்த வரிசையில் சரியாகப் பொருந்தாது. ஆனாலும் அவரை விட்டுவிட முடியவில்லை. அவர் பாடகராக ஒரு வீட்டுக்குள் நுழையவில்லை, வேலைக்காரியாக நுழைந்தார். வாஷிங்டனில் ஒரு கடையில் வழிதவறி நின்ற சிறுமி பெகி சீகரைத் தாயிடம் சேர்த்துவைத்ததில் அந்தக் குடும்பத்தோடு பழக்கம் ஏற்பட்டு, இசையறிஞர் சார்ல்ஸ் சீகரின் வீட்டில் சமையலும் துணிமணியும் பார்த்துக்கொண்டார். பல பத்தாண்டுகளுக்கு முன் தொட்ட கிட்டாரை அங்கே மீண்டும் கையில் எடுத்தார். இடதுகைப் பழக்கம் என்பதால் வலதுகைக் கிட்டாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் கீழ்ஸ்தாயி ஸ்வரங்களையும் மீட்டுவார். சிறுவயதில் அவர் கட்டிய 'ஃப்ரெய்ட் ட்ரெய்ன்' பாட்டைப் பெகி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது வேறு இருவர் பெயரில் பதிவாகி, 1957இல் பெரிய ஹிட் ஆனது. அவருடைய பாட்டின் காசு கடல் கடந்து யாருக்கோ போனது. உரிமையை மீட்க வழக்கறிஞர்கள் தேவைப்பட்டார்கள். பெகியின் அண்ணன் மைக் சீகர் பதிவுசெய்த அவருடைய முதல் இசைத்தட்டு 1958இல் ஃபோக்வேஸ் வெளியீடாக வந்தது. கிராமி விருது 1985இல், தொண்ணூறை எட்டிய பிறகு கிடைத்தது.

1950களின் இறுதியிலிருந்து நாட்டாரிசைக்குக் காபிக்கடைகள் கிடைத்தன. கேம்பிரிட்ஜின் கிளப் 47 (1958), சரடோகா ஸ்பிரிங்ஸின் கஃபே லீனா (1960) முதலியவை பெயர்பெற்றவை. இவற்றைக் கடையென்று சொன்னாலும் பாதி வீடுதான். மிச்சிகனின் ஆன் ஆர்பரில் 1965இல் தொடங்கிய த ஆர்க், சர்ச்சுக்குச் சொந்தமான ஒரு வீட்டில்தான் நடந்தது. கஃபே லீனாவை நடத்திய லீனா ஸ்பென்சர் வருகிற பாடகர்களுக்குச் சோறு போட்டார், படுக்க இடம் கொடுத்தார். இளம் பாப் டிலன் 1961இல் அங்கே பாடினார். லீனா பணம் பார்க்கவேயில்லை. கடையின் படிக்கட்டில் விழுந்து 1989இல் அவர் இறந்த பிறகு லாபநோக்கற்ற அமைப்பாகி, அந்த இடம் இன்றும் நடக்கிறது.

இந்த இசைக்குச் சின்ன அறை ஏன் இவ்வளவு ஒத்துப்போகிறது? பாட்டின் எடை சொல்லில் இருப்பது முதல் காரணம். ஒரு கொலை, ஒரு வெள்ளம், ஒரு சுரங்க விபத்து என்று கதை சொல்லும் பாட்டில் நான்காவது அடி காதில் விழாவிட்டால் ஐந்தாவது அடிக்கு அர்த்தமில்லை. ஸ்ருதி சேர்க்கும் நேரத்தில் பாடகர் சொல்லும் வேடிக்கைக் கதைகளும் நிகழ்ச்சியில் சேர்த்திதான். வாத்தியமும் இதற்குச் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் 'பார்லர்' கிட்டார் வீட்டு வரவேற்பறைக்கென்று செய்த ஒடுங்கிய உடம்புக்காரி. கேட்கும் கூட்டம் பெருகப் பெருக உடம்பும் பெருத்து, 1930களில் மார்ட்டின் கம்பெனியின் அகன்ற 'டிரெட்நாட்' கிட்டார் பரவலானது. 2008இல் டெக்சாஸின் ஆஸ்டினில் லாரா கிப்சன் மதுக்கூடத்தில் பாடியபோது கூட்டத்தின் இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை என்று இரண்டு வானொலிக்காரர்கள் நொந்துபோனார்கள். அவர்கள் கிப்சனைத் தங்கள் அலுவலக மேசைக்கே அழைத்துப் பாடவைத்ததில் பிறந்ததுதான் இன்று உலகம் அறிந்த டைனி டெஸ்க் கச்சேரி. அலுவலகத்துக்குள் ஒரு வீட்டுக் கூடத்தை அவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது காரணம் சந்தை. இன்று இப்படிப் பாடுகிறவர்களில் பலர் அடங்கும் அமெரிக்கானா என்பது நாட்டாரிசை, கன்ட்ரி, ப்ளூஸ், ராக் எல்லாவற்றிலும் கால் வைத்து எதிலும் முழுதாக உட்காராதவர்களைச் சேர்த்துக் கட்டிய வகை. 'கேவின்' என்ற வானொலித் தொழில் பத்திரிகை 1995இல் இதற்குத் தனித் தரவரிசை போட்டது. 1999இல் நாஷ்வில்லில் சங்கம் அமைந்தது. 2010இல் கிராமியில் தனிப் பிரிவே வந்துவிட்டது. ஆனால் விருதும் தரவரிசையும் வந்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. இந்தப் பாடகர்களில் பலருக்கு ஒரு நகரத்தில் நானூறு ரசிகர்கள் இருக்க மாட்டார்கள். ஒவ்வோர் ஊரிலும் நாற்பது பேர் இருப்பார்கள். அதுவும் நடுவயது தாண்டியவர்கள், இரவு பதினொன்றுக்கு மதுக்கூடத்தில் நின்றுகொண்டு கேட்க முடியாதவர்கள்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முப்பது பேர், தலைக்கு இருபது டாலர் என்றால் 600 டாலர். ஸ்ட்ரீமிங்கில் ஒரு முறை கேட்டால் அரை சென்ட்டுக்கும் குறைவாகவே கிடைக்கிறது. 0.4 சென்ட் என்று வைத்தாலும் அந்த 600 டாலருக்கு 1,50,000 முறை கேட்க வேண்டும். அதிலும் கம்பெனியின் பங்கு போக மிச்சம்தான் பாடகருக்கு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஓராண்டில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவுக்கான பங்குத் தொகை எதுவுமே இல்லை. வீட்டில் சாப்பாடும் படுக்கையும் இலவசம், வாசலில் சிடியும் விற்கும். வெள்ளி, சனிக்கு அரங்கம் கிடைத்துவிடும். திங்கள் முதல் புதன் வரை காரும் பெட்ரோலும் ஓட்டல் வாடகையும் தின்கிற வெறும் நாட்களை நிரப்புவதற்குத்தான் வீடுகள். ஃபிரான் ஸ்னைடர் என்ற பாடகர் 2006இல் வீட்டுக்காரர்களையும் பாடகர்களையும் இணைக்க ஒரு வலைப்பின்னலைத் தொடங்கினார். 2009இல் டேவிட் பஸான், ராக் குழுவோடு அலைந்தது போதும் என்று தனியாக ஹால் ஹாலாகப் பயணம் போனார். அவர் டிக்கெட்டை இணையத்தில் விற்று, வாங்கியவர்களுக்கு மட்டும் முகவரி அனுப்பினார்.

இங்கே கூடையின் திசை தலைகீழாகிவிட்டதைக் கவனிக்கலாம். ஹார்லெமில் காசு வேண்டியிருந்தது வீட்டில் இருந்தவருக்கு. இப்போது வீட்டில் இருப்பவர் ஒரு டாலரும் தொடுவதில்லை. சட்டமும் இந்த ஏற்பாட்டுக்குள் மறைமுகமாக இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் வியாபாரம் நடத்த நகராட்சி விடாது. அதனால்தான் 'டிக்கெட்' என்று சொல்லாமல் 'நன்கொடை' என்கிறார்கள், பொதுவில் விளம்பரம் செய்வதில்லை. காப்புரிமைச் சட்டமோ குடும்பமும் அதன் நண்பர் வட்டமும் தாண்டிக் கணிசமான பேர் கூடினாலே அதைப் பொது நிகழ்ச்சி என்கிறது. பாட்டுரிமைச் சங்கங்கள் வந்து கேட்டால் சங்கடம்தான். நடைமுறையில், சொந்தப் பாட்டைப் பாடும் ஒருவருக்காக முப்பது பேர் கூடுவதில் யாரும் அதிகம் தலையிடுவதில்லை.

பாடகரும் வீட்டுக்காரரும் ஒரே ஆளாக இருந்த கதை ஒன்று உண்டு. இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்தது அதுதான். த பேண்ட் குழுவின் டிரம்மரும் பாடகருமான லெவன் ஹெல்முக்கு 1998இல் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சையில் குரல் போனது. கடன் ஏறியது, உட்ஸ்டாக்கில் இருந்த மரத்தாலான கொட்டகை வீடும் கைவிட்டுப் போகும் நிலை. 2004இல் அந்தக் கொட்டகையையே திறந்துவிட்டு 'மிட்நைட் ராம்பிள்' என்று கச்சேரி நடத்தத் தொடங்கினார். சிறுவயதில் ஆர்கன்சாவில் வந்துபோன மருந்து விற்கும் கூத்துக் குழுக்கள், பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு பெரியவர்களுக்கென்று நடத்திய இரவாட்டத்தின் பெயர் அது. ஏறக்குறைய இருநூறு பேர், டிரம்முக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் சாப்பாடு கொண்டுவந்து பொதுமேசையில் வைத்தார்கள். ஆரம்பத்தில் அவர் வாசிக்க மட்டுமே செய்தார், மகள் ஏமியும் மற்றவர்களும் பாடினார்கள். மெல்ல மெல்லக் குரல் திரும்பியது. கரகரத்த, ஓரம் சிதைந்த குரல். அந்தக் குரலில் பாடிய 'டர்ட் ஃபார்மர்' 2008இல் கிராமி வாங்கியது. கிராமியின் அமெரிக்கானா பிரிவில் முதல் விருதும், 2010இல், அவருக்கே. டிக்கெட் மலிவில்லை. ஹார்லெமின் ரெண்ட் பார்ட்டியை எண்பது ஆண்டுகள் கழித்து ஒரு ராக் நட்சத்திரம் நடத்தியதாகவே நான் இதைப் பார்க்கிறேன். அவர் 2012இல் இறந்தார். கொட்டகையில் கச்சேரிகள் தொடர்கின்றன.

நடுவில் ஒரு தரகர் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2009இல் லண்டனில் நண்பர்கள் கூடி வரவேற்பறையில் அமைதியாகக் கேட்கலாமே என்று தொடங்கிய சோஃபார் சவுண்ட்ஸ், பல நாடுகளில் பரவி, 2019இல் முதலீட்டாளர்களிடம் 2.5 கோடி டாலர் திரட்டியது. பாடகர்களுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு நூறு டாலர் அளவில்தான் கொடுக்கிறார்கள் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. நாற்காலி போடுவதும் ஆட்களை உள்ளே விடுவதும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். நியூயார்க் மாநிலத் தொழிலாளர் துறை விசாரித்து, 2020இல் நான்கரை லட்சம் டாலருக்கும் மேல் அவர்களுக்குக் கொடுக்க வைத்தது. தரைவிரிப்பும் மெழுகுவர்த்தியும் அப்படியே இருந்தன, கூடை மட்டும் வேறு கைக்குப் போய்விட்டது.

காசு முழுக்கப் பாடகருக்கே போகும் நல்ல வீடுகளைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. நாற்பது பேர் உட்காரும் ஹால் யாரிடம் இருக்கிறது? அமெரிக்காவில் வெள்ளையர் குடும்பங்களில் நூற்றுக்கு 70க்கும் மேற்பட்டவை சொந்த வீட்டில் வாழ்கின்றன. கறுப்பினக் குடும்பங்களில் ஏறத்தாழ 45தான். அழைப்பு வீட்டுக்காரரின் நண்பர்களுக்குப் போகிறது. நண்பர்கள் வீட்டுக்காரரைப் போலவே இருக்கிறார்கள். அமெரிக்கத் தமிழர்களின் பேஸ்மெண்ட் கச்சேரிகளும் இப்படித்தான். சென்னையிலிருந்து போகும் வித்வான் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் பாடுகிறார். சாப்பாடு உண்டு, காணிக்கை உண்டு, பக்கத்து வீட்டு அமெரிக்கர் அநேகமாக இருக்க மாட்டார்.

கறுப்பினத்தார் அதிகம் அழைக்கப்படாத இந்த ஹால்களில் ஒலிக்கும் பாஞ்சோவோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம். 2005இல் ரியானன் கிடன்ஸ், டொம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் ஆகிய மூன்று கறுப்பின இளைஞர்கள் வடக்குக் கரோலினாவின் மெபேன் ஊரில், எண்பத்தாறு வயது ஃபிடில் கலைஞர் ஜோ தாம்ப்சனின் வீட்டுக்கு வியாழக்கிழமை இரவுகளில் போய் உட்கார்ந்தார்கள். கறுப்பினத்தாரின் பழைய தந்திவாத்தியக் குழு மரபை அறிந்தவர்களில் கடைசிச் சிலரில் அவர் ஒருவர். பக்கவாதம் வந்தும் வாசிப்பை விடாதவர். அங்கிருந்து உருவான கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவின் ஆல்பம் 2011இல் கிராமி வாங்கியது. அது கச்சேரி நடந்த வீடு அல்ல, பாடம் நடந்த வீடு. ஹவுஸ் கான்சர்ட் பட்டியல்களில் அப்படிப்பட்ட வீடுகள் இடம்பெறுவதில்லை.

வீட்டுக்கு வெளியேயும் ஒரு வழி உண்டு. நாட்டாரிசைச் சங்கங்கள் பல ஊர்களில் வெகுகாலமாக யூனிட்டேரியன் சர்ச்சுகளின் கூடத்தையும் பொது நூலகத்தையும் மாலைக்கு வாங்கிக் கச்சேரி வைக்கின்றன. எதிரொலி தொந்தரவு செய்யும், மைக் வேண்டியிருக்கும், நாற்காலி முதுகை வாட்டும், சமைத்த சாப்பாட்டுக்குப் பதில் பிளாஸ்க் காபியும் கடை பிஸ்கட்டும்தான். பாடகருக்கு அன்றிரவு ஓட்டலில்தான் படுக்கை, அதன் செலவு கூடைக் காசிலிருந்து கழியும். ஆனால் அறிவிப்பு வாசலில் ஒட்டியிருக்கும், தெருவில் போகிற எவரும் உள்ளே வரலாம்.