ஓராண்டுப் படிப்பும் ஒரு நாட்டின் வழக்கும்

"இவ்வாண்டு எத்தனை நூல் படித்தீர்?" என்று கேட்பார் உண்டு. ஆண்டு முடிந்ததும் கணக்குப் பார்ப்பது வணிகர் வழக்கம். இன்று படிப்போரும் அதை மேற்கொண்டுவிட்டனர். ஐம்பது என்பார் ஒருவர். நூறு என்பார் இன்னொருவர். மரக்காலிட்டு அளந்து கொட்டுவதற்கு நூல் என்ன நெல்லா? நெல்லைக்கூட உழவன் அளப்பதோடு விடுவதில்லை. கையில் அள்ளி, ஊதிப் பதரைப் பறக்கவிட்டு, மணியைக் கடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறான். நூலுக்கும் அந்தச் சோதனை வேண்டாமா?

சென்ற ஓராண்டில் நாமும் பல நூல்கள் படித்தோம். கவிதை, கதை, வரலாறு, பாதிரிமார் எழுதிவைத்த குறிப்பு எனப் பல வகை. எழுதியவர்களும் பல சாதியினர், பல மதத்தினர். எனினும் ஓர் எல்லையை வகுத்துக்கொண்டே படித்தோம். அந்த எல்லை, தமிழகத்தின் தென்கோடியாம் குமரி மாவட்டம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் ஆட்சியிலும், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியிலும் கட்டுண்டு கிடந்து, குருதி சிந்தித் தாயகம் சேர்ந்த மண் அது. தோவாளை, அகத்தீசுவரம் என்னும் வயல்வளப் பகுதியாம் நாஞ்சில் நாடும், கல்குளம், விளவங்கோடு என்னும் மேற்குப் பகுதியும் அதனுள் அடக்கம். அவ்வளவு சிறிய நிலத்தில் அவ்வளவு பெரிய வழக்குகள்! ஒரே மண்ணைப் பற்றிப் பலர் எழுதியதை ஒன்றுக்கொன்று எதிர் நிறுத்திப் படித்தால், ஒருவர் மறைத்ததை மற்றவர் காட்டிக்கொடுப்பார். அந்தப் பயனை நாடியே அப்படிப் படித்தோம்.

முதலில் கவிமணி. தேரூரில் 1876இல் பிறந்த தேசிகவிநாயகம் பிள்ளையைக் குழந்தைப் பாட்டுக்காரர் என்ற சிமிழுக்குள் அடைத்துவைக்கப் பார்ப்போர் உளர். அவர்தம் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' அந்தச் சிமிழை உடைக்கும். 1917–18இல் 'தமிழன்' இதழில் வந்த அங்கத நூல் அது. நாஞ்சில் வேளாளர் குடும்பங்களில் அன்று சொத்து மகனுக்குப் போகாது. சகோதரியின் மக்களுக்கே போகும். குடும்பத்தை ஆள்பவர் காரணவர். அவர் கண்மூடினால் மனைவியும் மக்களும் உகந்துடைமை என்ற சிறு பங்கை எதிர்பார்த்து வாசலில் நிற்க வேண்டும். ஐந்தாம் மனைவியாய் வாழ்க்கைப்பட்டவள் தன் கதையைச் சொல்வதாக அமைத்து, அந்த வழக்கத்தைச் சிரிப்பாலேயே சுட்டார் கவிமணி.

பெண்வழி என்று பெயர். பெட்டிச் சாவியோ ஆணின் இடுப்பில்! இந்த முரணை ஆயிரம் மேடைகளில் விளக்குவதைவிட அந்த ஏழைப் பெண்ணின் புலம்பல் நன்கு விளக்கிற்று. சமுதாயப் பெரியோர் பலரின் கிளர்ச்சியும் சேர, 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் பிறந்தது. கவிதை மட்டும் சட்டத்தைப் பெற்றது என்று புகழ்மாலை சூட்ட நாம் முன்வரவில்லை. ஆனால் கிளர்ச்சிக்குக் கவிதை நாவாயிற்று என்பதை மறுப்பார் யார்?

அதே 1926ஆம் ஆண்டைப் பற்றிய இன்னொரு பக்கத்தையும் புரட்டினோம். சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமை கேட்டு ஒடுக்கப்பட்டோர் அறப்போர் நடத்திய ஆண்டும் அதுவே. 1924இல் வைக்கத்தில் மூண்ட தீயின் பொறி அது. வீட்டுக்குள் பங்கு கேட்டவருக்குச் சட்டம் கிடைத்தது. வீதியில் நடக்கக் கேட்டவர் தடுக்கப்பட்டனர். கோயில் நுழைவு அறிவிப்பு வர 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! மான்மியத்தின் சிரிப்பு நெல் நிறைந்த வீட்டின் உட்கூடத்தைச் சுற்றியே ஒலிக்கிறது. அந்த நெல்லுக்கு நாற்று நட்ட கைகள் அதன் நடுவிடத்தில் இல்லை. கவிமணியின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. ஒரு நூலின் ஒளி எதுவரை செல்கிறது என்று அளப்பதே திறனாய்வு.

அந்த ஒளி எட்டாத இடத்தைக் காண வரலாற்று நூல்களிடம் சென்றோம். இலண்டன் மிசனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் திருவிதாங்கூரைப் பற்றி 1871இல் வெளியிட்ட நூலுக்கு 'அறத்தின் நாடு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை இட்டார். யாருக்கு அறம்? ஊட்டுப்புரைகளில் பார்ப்பனருக்குச் சோறு. உழைத்தவருக்கோ வரி, தீண்டாமை, விலங்கு! அடிமை முறை ஒழிப்பு அறிவிப்பு 1855இல்தான் வந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளப் பல்லாண்டு போராடிய பிறகு 1859இல் அரசு இறங்கி வந்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்று ஒரு முடிச்சையும் போட்டே கொடுத்தது. பாதிரியார் தம் சமயத்திற்கு ஆள் சேர்க்கும் கண்ணோடு எழுதினார் என்பதை நாம் மறக்கவில்லை. அவர் நோக்கத்தைக் கழித்துவிட்டு, அவர் தரும் செய்தியை மற்ற சான்றுகளோடு ஒட்டிப் பார்த்தோம். பகுத்தறிவோடு படிப்பது என்பது அதுதான்.

பிறகு புதினங்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) பனைகள் சூழ்ந்த கிறித்தவக் குடும்பத்தின் கதை. பருவமெய்திய லிஸியைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் அடைக்கிறது குடும்பப் பெருமை. பனையேறுபவன் மகனாம் தங்கராஜை அவள் விரும்புவது அந்தப் பெருமைக்குப் பொறுக்கவில்லை. மதம் மாறிற்று, வேதம் மாறிற்று, வீட்டுப் பெருமை மட்டும் மாறவில்லை! நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) இரணியல் செட்டியார் குடும்பத்தைக் காட்டுகிறது. கணவனின் குறையை மறைக்க மனைவி மீது பழி சுமத்தி அவளைத் தாய்வீட்டுக்குத் துரத்துகின்றனர். ஊரும் உறவும் வழக்கத்தின் பெயரால் வாய் மூடுகின்றன. தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) தேங்காப்பட்டணத்து முசுலிம் வாழ்வைச் சொல்கிறது. ஊரை ஆட்டிப்படைக்கும் முதலாளியும், ஆங்கிலப் பள்ளியை மார்க்க விரோதம் என எதிர்க்கும் கூட்டமும் ஒருபுறம். அஞ்சாது எதிர்த்து நிற்கும் எளிய சுறாப்பீலி வணிகன் மறுபுறம்.

மூன்று மதம், மூன்று வீடு. கதவு மட்டும் ஒன்று! உள்ளே அடைக்கப்பட்டவள் பெண். வெளியே தாழிட்டது பழக்கம். ஒரு நூலை மட்டும் படித்தவன், "அந்தச் சாதி அப்படி, அந்த மதம் அப்படி" என்று அடுத்த வீட்டைச் சுட்டிச் சிரித்துவிட்டுப் போவான். மூன்றையும் படித்தவன் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்ப்பான். இந்த ஆசிரியர்களின் பெருந்துணிவு என்ன? ஒவ்வொருவரும் தாம் நன்கறிந்த சொந்தச் சமூகத்தையே கூண்டில் ஏற்றினர். எதிராளியைத் திட்டுவது எளிது. உறவினர் முகம் சுளிக்க உண்மை சொல்வது அரிது.

மேடையேறும் நம்மவரும் படித்தாக வேண்டிய நூல் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966). நாற்சந்தியில் நின்ற மரம் வணிகப் போட்டியிலும் நகராட்சித் தேர்தல் பகையிலும் சிக்கி நஞ்சிடப்பட்டுச் சாகிறது. மரத்தைக் காப்போம் என்போரும் அழிப்போம் என்போரும் மரத்தை நினைக்கவில்லை. தம் வெற்றியையே நினைத்தனர். கொள்கையைக் கொடிக்கம்பமாக்கி அதன் நிழலில் கடை விரிப்போர்க்கு இதைவிடக் கூர்மையான கண்டனம் ஏது?

"இலக்கியத்தைச் சீர்திருத்தத் தராசில் நிறுக்கலாமா? நாஞ்சில் பேச்சின் சுவையை, வயலின் பசுமையை மாந்திவிட்டுப் போகக்கூடாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். சுவையை நாம் வேண்டாம் என்றோமா? புத்தம் வீட்டுப் பேச்சும் தேங்காப்பட்டணத்துப் பேச்சும் நம் செவிக்கு இனித்தன. ஆனால் சுவைத்ததும் எழுந்து போவது விருந்தாளியின் வேலை. அடுக்களையில் வெந்தவள் யார் என்று கேட்பதே வீட்டாளின் வேலை. இந்நாட்டுக்கு நாம் விருந்தாளிகள் அல்லர்.

1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் எனத் தீர்மானித்தோம். தமிழ்நாட்டில் மகளுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு எனச் சட்டம் வந்தது 1989இல். இடையே அறுபது ஆண்டுகள்! சட்டம் வந்த பின்பும், விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு தங்கையை வழியனுப்பும் அண்ணன்மார் இல்லையா? மான்மியத்தை மகிழ்ந்து படிக்கும் அண்ணன், தன் வீட்டுப் பத்திரத்தையும் அதே கண்ணோடு படிக்கட்டும். அப்போதுதான் அவன் படித்தவன்.

தோழர்களே! ஊர்தோறும் உள்ள படிப்பகங்களில் இந்நூல்களைத் தனித்தனியே அடுக்காதீர், சேர்த்து வையுங்கள். ஒன்றைப் படித்தவரிடம் அதற்கு எதிரானதை நீட்டுங்கள். நட்ட கையும், வலை இழுத்த கையும், உப்பு வாரிய கையும் எழுதிய ஏடு அந்த அடுக்கில் உண்டா என்று தேடுங்கள். கிடைத்தால் முன்வரிசையில் வையுங்கள். கிடைக்காவிடில், அந்தக் கைக்கு எழுதுகோலைக் கொடுங்கள். வரும் ஆண்டின் கணக்கை அங்கிருந்து தொடங்குவோம்.