இரத்தக்காட்டேறியின் வயல்: 'ஸிந்தா லாஷ்' திரைப்பட ஆக்கம் பற்றிய சில குறிப்புகள்

1

திரைப்படம் ஒன்று எவ்வாறு உருவாயிற்று என்பதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சுவையான செய்திகளைத் தொகுத்துத் தருவதோடு அமைதி காண்பர். நடிகர் எத்தனை மணிநேரம் ஒப்பனைக்கு அமர்ந்தார், கோட்டை எங்கே கிடைத்தது, இரத்தம் எதனாற் செய்யப்பட்டது என்பன போன்றவை அவை. இச்செய்திகள் படைப்பின் வெளியே நிற்பன என்றும், விமர்சகன் திரையிலே தோன்றுவதை மட்டும் நோக்கினாற் போதும் என்றும் கருதும் ஒரு போக்கு நம்மிடையே வேரூன்றியுள்ளது. திகிற்படங்களைப் பொறுத்தவரை இப்போக்கு மேலும் வலுப்பெற்று, அவை ஆய்வுக்குரியனவே அல்ல என்ற முடிவுக்கும் இட்டுச் சென்றுள்ளது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது நமது முகாமைச் சேர்ந்தோரின் தவறு. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்றொகுதியிலே, வேலைநாள் பற்றிய அதிகாரத்தில், மார்க்ஸ் மூலதனத்தை இரத்தக்காட்டேறிக்கு ஒப்பிட்டார். அதற்கு முப்பது ஆண்டுகளின் பின், 1897இல், பிராம் ஸ்ரோக்கரின் 'டிராகுலா' நாவல் வெளிவந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, காட்டேறி என்றால் மூலதனம் என்று எழுதிவிட்டாற் கடமை முடிந்தது என எண்ணுவோர் உளர். பல்கலைக்கழக மாணவராயிருந்த நாளிலே நாமும் அவ்வாறு எழுதியதுண்டு. அச்சமன்பாடு பிழையன்று, ஆயின் அது போதாது. ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வோர் இடத்திலும் காட்டேறி ஏன் வெவ்வேறு ஆடை அணிந்து வருகின்றது என்ற கேள்விக்கு அதனிடம் விடையில்லை. அவ்விடையைப் படைப்பின் ஆக்கநிலைமைகளிலேயே தேடுதல் வேண்டும்.

1967இல் லாகூரிலே தயாரிக்கப்பட்ட 'ஸிந்தா லாஷ்' என்னும் உருதுப் படத்தை மையமாகக் கொண்டு இதனை நோக்குவோம். 'உயிருள்ள பிணம்' என்பது அத்தலைப்பின் பொருள். தயாரித்தவர் அப்துல் பாக்கி. நெறிப்படுத்தியவர் குவாஜா சர்ஃபராஸ். காட்டேறியாக நடித்தவர் ரெஹான். முஸ்லிம் சமூகமொன்றின் கலைஞர்கள் டிராகுலாக் கதையைத் தமதாக்கிக்கொண்ட முயற்சி என்ற வகையிலும் அது நமது கவனத்திற்குரியது.

2

லாகூருக்குச் செல்லுமுன், அப்படம் எதனை மரபுரிமையாகப் பெற்றது என்பதனை அறிதல் அவசியமாகும்.

ஸ்ரோக்கரின் நாவல் ஒரு காணி அலுவலுடன் தொடங்குகின்றது. இளம் சட்டத்தரணி ஹார்க்கர், இலண்டனில் ஆதனம் வாங்க விரும்பும் பிரபு ஒருவருக்கு உறுதி முடித்துக் கொடுக்கவே கோட்டைக்குச் செல்கின்றான். அங்கே அவன் காணும் விந்தைகளுள் ஒன்று, அத்துணைப் பெரிய கோட்டையில் வேலையாட்களே இல்லை என்பதாகும். பிரபுவே படுக்கை விரிக்கின்றார், பிரபுவே வண்டியோட்டுகின்றார். இத்தாலிய மார்க்சிய அறிஞர் ஃபிராங்கோ மொரெற்றி, 1983இல் வெளியான நூலில் இடம்பெற்ற கட்டுரையொன்றிலே, இந்த வேலையாள் இன்மையைச் சுட்டிக்காட்டி, டிராகுலா பழைய பாணிப் பிரபு அல்லர், ஏகபோக மூலதனத்தின் உருவமே என வாதிட்டார். அவ்வாதம் கூர்மையானது. உழைப்பு கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருப்பதே இக்கதையின் அடிப்படை அமைப்பு என நாம் அதனை விரித்துக் கொள்ளலாம்.

இம்மறைப்பு கதையோடு நிற்கவில்லை. 1922இல் ஜேர்மனியில் மூர்னாவ் நெறிப்படுத்திய 'நொஸ்பெராத்து', நாவலாசிரியரின் மனைவி பிளோரன்ஸ் ஸ்ரோக்கரிடம் அனுமதி பெறாது எடுக்கப்பட்டது. பெயர்கள் மாற்றப்பட்டன, கதை மாறவில்லை. பிராணா என்ற அச்சிறு நிறுவனம் எடுத்து முடித்த படம் இது ஒன்றே. ஒரேயொரு ஒளிப்படக் கருவியைக் கொண்டே படம் பிடித்தனர். இரவுக் காட்சிகளைப் பகலிற் பிடித்துப் பின் படச்சுருளுக்கு நீலச்சாயம் ஊட்டினர். சாயமற்ற பிரதிகளைப் பார்த்தவர்கள் காட்டேறி நண்பகலில் நடமாடுவதைக் கண்டு நகைத்தமைக்கு இதுவே காரணம். நிறுவனம் முறிந்தது, வழக்கு நீண்டது, 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி தீர்ப்பாயிற்று. ஆயினும் சில பிரதிகள் பிழைத்துக்கொண்டன.

இப்படம் உலகத் திகிற்சினிமாவுக்கு விட்டுச்சென்ற கொடை ஒன்றுண்டு. நாவலிலே டிராகுலா பகலிலும் நடமாடக் கூடியவர். அவர் மாய்வது சூரிய ஒளியால் அன்று, கத்திகளாலாகும். அவற்றுள் ஒன்று ஹார்க்கரின் கையிலிருந்த குக்குரி என்பதையும், குடியேற்ற நாட்டுப் போர்வீரரின் ஆயுதம் அது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். கதிரொளி பட்டுக் காட்டேறி அழியும் என்பது 'நொஸ்பெராத்து' தோற்றுவித்த கற்பனை. பழங்கதை என நாம் நம்பும் இவ்வழக்கு, உண்மையில் ஓர் ஏழை நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளத்திலே பிறந்ததாகும்.

ஹொலிவூட்டில் நிகழ்ந்தது வேறொன்று. 1930இன் இறுதியில் யூனிவேர்சல் நிறுவனம் பேலா லுகோசியை வைத்து 'டிராகுலா'வைப் படமாக்கியது. 1931இல் அது வெளிவந்தது. அவருக்கு வாரம் 500 டொலர் வீதம் ஏழு வாரச் சம்பளமே வழங்கப்பட்டது. பகலில் ஆங்கிலக் குழு வேலை முடித்துச் சென்றதும், அதே அரங்குகளில் இரவு முழுவதும் ஸ்பானிய மொழிக் குழுவொன்று ஜோர்ஜ் மெல்போர்டின் நெறியாள்கையில், மிகக் குறைந்த செலவில், அதே கதையைப் படமாக்கியது. இலத்தீன் அமெரிக்கச் சந்தையை இழக்க முதலாளிகள் விரும்பவில்லை. அரங்கு ஓய்வின்றி உழைக்க வேண்டியிருந்தது. இயந்திரம் ஒரு கணமும் சும்மா கிடக்கலாகாது என்பதற்காக இரவு வேலைமுறை புகுத்தப்படுவதை மார்க்ஸ் வேலைநாள் பற்றிய அதே அதிகாரத்திலேதான் ஆராய்ந்தார். காட்டேறியைப் பற்றிய படமே காட்டேறியின் நேர அட்டவணைப்படி எடுக்கப்பட்டமை உவமை அன்று, தொழிற்சாலை வழக்கம்.

3

1958இல் பிரித்தானிய ஹாமர் நிறுவனம் ரெறென்ஸ் ஃபிஷரின் நெறியாள்கையில் எடுத்த 'டிராகுலா', லாகூர்ப் படத்தின் நேரடி முன்மாதிரியாகும். அங்கே பணம் குறைவு. எனவே திரைக்கதையாசிரியர் ஜிம்மி சாங்ஸ்ரர் கதையைச் சுருக்கினார். வௌவாலாகவும் ஓநாயாகவும் உருமாறுதல் நீக்கப்பட்டது. இங்கிலாந்துக்கான கடற்பயணம் நீக்கப்பட்டது. பயணம் இல்லையெனின் இலண்டன் ஆதனமும் இல்லை; ஆதனம் இல்லையெனின் உறுதி முடிக்கும் சட்டத்தரணியும் தேவையில்லை. ஹார்க்கர் நூலகராகக் கோட்டைக்குள் நுழைகின்றான். செலவுச் சிக்கனம் என்ற சாதாரண காரணத்தினாலே கதையின் காணி அலுவல் மறைந்துபோயிற்று. ஆக்கநிலைமை உள்ளடக்கத்தை எவ்வாறு மாற்றுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

லாகூர்க் கலைஞர்கள் இந்தச் சுருங்கிய கதையையே கையிலெடுத்தனர். 1965ஆம் ஆண்டுப் போரின் பின் இந்தியப் படங்கள் பாகிஸ்தானிலே தடைசெய்யப்பட்டிருந்தமையால் உள்ளூர்த் தயாரிப்புக்குச் சந்தை விரிந்திருந்தது, புதுமைகளுக்கு இடமிருந்தது. கறுப்பு வெள்ளையிற் படம் பிடித்தனர். பாட்டும் நடனமும் சேர்த்தனர். பின்னணியில் 'லா குக்கராச்சா' என்னும் மெக்சிக்க மெட்டுக்கூட ஒலித்தது. இவையாவும் கிடைத்ததைக் கொண்டு செய்யும் தொழிலாளியின் இயல்பைக் காட்டுவன. இவற்றை ஏளனம் செய்வது மேட்டிமைவாதமேயன்றி விமர்சனமன்று.

அவர்கள் செய்த பெரும் மாற்றங்கள் இரண்டு. ஒன்று, சிலுவையை நீக்கியமை. ஹாமர் படத்திலே இரு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்துக் காட்டேறியை வெயிலுக்குள் தள்ளுவர். முஸ்லிம் பார்வையாளருக்கு அது பொருளற்றது. அவ்விடத்திற் பிறிதொரு சமயச் சின்னத்தை வைத்திருக்கலாம், வைக்கவில்லை. கதிரொளி மட்டுமே எஞ்சியது. ஆக, 1922இல் பேர்லினிற் பிறந்த கற்பனை, இங்கிலாந்து வழியாக லாகூரை அடைந்தபோது, சமயச் சின்னங்களைக் களைந்து தூய இயற்கை நிகழ்ச்சியாக நின்றது. இதனை இப்படத்தின் சாதனை என்றே நாம் மதிக்கின்றோம்.

மற்றது, பிரபுவை நீக்கியமை. இப்படத்தின் காட்டேறி பேராசிரியர் தபானி என்னும் விஞ்ஞானி. சாவை வெல்லும் அமிர்தத்தைத் தேடி, தான் ஆக்கிய திரவத்தைத் தானே அருந்தி மாண்டு, காட்டேறியாக எழுகின்றார். உயிர் கொடுப்பதும் எடுப்பதும் இறைவனுக்கே உரியன என்ற நம்பிக்கையுள்ள சமூகத்திலே, இறந்தவன் எழுந்து நடமாடுவதற்கு ஒரு நியாயம் கற்பித்தல் வேண்டும். வரம்பு மீறிய விஞ்ஞானம் என்ற விளக்கம் அதற்குப் பொருந்தியது. அவ்வாறிருந்தும் வயதுவந்தோருக்கு மட்டும் என்ற முத்திரையுடனேயே படம் வெளிவரலாயிற்று. பாகிஸ்தானில் அம்முத்திரை பெற்ற முதற்படம் இதுவெனக் கூறப்படுகின்றது.

4

இப்படத்தை நாம் முழுமையாகப் பார்த்தது இறக்காமத்திலே, எமது வீட்டு விறாந்தையில், கணினித் திரையிலாகும். நெடுங்காலம் மறைந்து கிடந்த அப்படம் 2003இல் இறுவட்டாக வெளிவந்த பின்னரே நம்போன்றோருக்கு எட்டியது. அன்று எம்முடன் இருந்து பார்த்தவர், இறக்காமக் குளத்து நீர் பாயும் வயல்களிலே முல்லைக்காரனாகக் காலங்கழித்த உறவினர் ஒருவர். உருது அவருக்குத் தெரியாது. நாம் இடையிடையே கதையை விளக்கினோம். காட்டேறியைக் கண்டு அவர் அஞ்சவில்லை. பாதிப்படத்தில் ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு பெரிய ஊட்டுக்காரன். இவன்ட வயல் எங்க கிடக்கு மனெ? ஆரு செய்யிற?"

நாம் விடை கூறவில்லை. விஞ்ஞானி என்று சொல்லிச் சமாளித்தோம். அவர் திருப்தியடையவில்லை. போடியாரின் கல்வீட்டைக் கண்டவர் அதன் பின்னாலுள்ள ஏக்கர்க் கணக்கையும், அதில் இறங்கிய கால்களையும் சேர்த்தே காண்பவர். உழைப்பின்றி மாளிகை நிற்கும் என்பது அவருடைய அனுபவத்திற்கு அந்நியமானது. மொரெற்றி நூல்களினூடே கண்டடைந்த வேலையாள் இன்மையை அவர் சேற்றினூடே கண்டடைந்தார்.

அக்கேள்வியிலிருந்து நோக்கினாலே லாகூர்ப் படத்தின் வரலாற்று எல்லை புலனாகும். பஞ்சாபும் சிந்துவும் பெருநிலக்கிழார்களின் நாடு. 1959இல் ஐயூப்கான் ஆட்சி கொணர்ந்த நிலச்சீர்திருத்தமே தனியொருவருக்கு நீர்ப்பாசனமுள்ள நிலம் 500 ஏக்கரும், அஃதற்ற நிலம் 1,000 ஏக்கரும் வைத்திருக்க இடமளித்தது. இலங்கையிலே 1972ஆம் ஆண்டுச் சட்டம் நெற்காணிக்கு விதித்த உச்சவரம்பு 25 ஏக்கர் என்பதோடு இதனை ஒப்பிட்டால் அச்சீர்திருத்தத்தின் இயல்பு விளங்கும். படம் வெளிவந்த மறு ஆண்டிலே, 1968இல், பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் அந்நாட்டுக் கைத்தொழிற் செல்வத்தின் பெரும்பகுதி 22 குடும்பங்களின் கையில் உள்ளதென வெளிப்படுத்தினார். மாளிகையில் வாழ்ந்து பிறர் இரத்தத்தில் உயிர்த்திருக்கும் பிரபு என்ற உருவம் உலகில் எந்நாட்டுக்கேனும் இயல்பாகப் பொருந்துமெனின் அது அந்நாட்டுக்கே பொருந்தும். அந்த உருவமே அங்கு நீக்கப்பட்டது. குற்றம் நிலத்திலிருந்து அறிவின் மேல் ஏற்றப்பட்டது. மக்களை உறிஞ்சுபவன் நிலக்கிழான் அல்லன், அளவு மீறிச் சிந்திப்பவனே என்ற கருத்துநிலை திரையில் நிலைபெற்றது.

இதனை யாரேனும் திட்டமிட்டுச் செய்தார் என நாம் கூறவில்லை. காணி அலுவலை ஹாமரின் சிக்கனம் ஏற்கெனவே அழித்திருந்தது. சமய நம்பிக்கை ஒரு நியாயத்தை வேண்டியது. தணிக்கையைத் தாண்ட வேண்டிய தேவை இருந்தது. தனித்தனியே சிறியனவாகத் தோன்றும் இக்காரணங்கள் ஒன்றுசேர்ந்து, ஆளும் வர்க்கத்திற்கு உவப்பான திசையிலேயே கதையைத் திருப்பின. கருத்துநிலை பெரும்பாலும் இவ்வாறே தொழிற்படுகின்றது. கட்டளையிடுபவர் எவருமின்றியே கீழ்ப்படிதல் நிகழ்ந்துவிடுகின்றது.

5

ஆகவே திரைக்குப் பின்னால் நிகழ்ந்தவற்றை அறிதல் பொழுதுபோக்கு அன்று. திரையில் எது இல்லாமற் போயிற்று என்பதனை அதுவே நமக்குக் காட்டுகின்றது. பேர்லினில் நீலச்சாயம் பூசியவரும், ஹொலிவூட்டில் இரவெல்லாம் விழித்து விளக்குத் தூக்கியவரும், லாகூரிலே குறைந்த வசதியுடன் கதிரொளியைக் கட்டியெழுப்பியவரும் எந்தச் சட்டகத்திலும் தோன்றுவதில்லை. கோட்டையின் வயலைச் செய்தவரும் அவ்வாறே தோன்றுவதில்லை. இவ்விரு மறைவுகளும் ஒரே தன்மையன.

நமது பிரதேசத்தில் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் பற்றியும், போடியார், வட்டவிதானை, முல்லைக்காரன் ஆகியோரிடையே நிலவிய உறவுகள் பற்றியும் சமூகவியலாளர் எழுதியுள்ளனர். திரைக்கலை இன்னும் அவ்வயலில் இறங்கவில்லை. இன்று கைத்தொலைபேசியிலே குறும்படம் எடுக்கும் இளைஞர் நம்மூர்களிற் பலர். அவர்களுட் பலரை ஈர்ப்பது திகிற்கதையே. அவர்களுக்குக் கோட்டை தேவையில்லை, கோரைப்பல்லும் தேவையில்லை. வெள்ளாமை வெட்டி முடிந்த இரவிலே சூட்டுக்களத்தில் நெல் அளக்கப்படும் காட்சியைக் கணக்குப் பிசகாமற் காட்டினாற் போதும். எவர் எவரை உறிஞ்சினார் என்பது பார்ப்போருக்குத் தானே விளங்கும். அவ்வாறு ஒரு படம் வருமாயின், எமது விறாந்தையில் எழுந்த கேள்விக்கு அதுவே தக்க மறுமொழியாகும்.